மைக் இல்லாத அரசப்பன்

கவரப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ரயில்வே கேட்டைத் தாண்டி மேற்கே நடந்தால், நெல் வயல் முடிகிற இடத்தில் காலனி ஆரம்பிக்கும். முன்பு காலனி ஆட்கள் அந்த வயல்களில்தான் வேலை செய்தார்கள். இப்போது நாற்று நட வெளியிலிருந்து ஆள் வருகிறது. காலனிக்காரர்கள் விடியற்காலை நாலரை மணிக்கே கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு முனையில் நிற்கிறார்கள். தேர்வாய் கண்டிகைக்குப் போகிற கம்பெனி பஸ் ஒன்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற வேன் ஒன்று. இரண்டும் போய்விட்டால் தெருவில் நாய்களும் தண்ணீர்க் குடங்களும்தான் மிச்சம்.

யேசுதாஸ் சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் இருந்தான். உருளைக்குள்ளிருந்து செக்கச்செவேலென்று ஓடி வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிடுகிற வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. அவனுடைய சட்டைகளில் தீப்பொறி பட்ட பொத்தல் இல்லாதது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற சட்டை மட்டும்தான். மனைவி ரோசம்மாள் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கினாள். அறுநூறு பேருக்குச் சாம்பார். கையில் வெங்காய வாசனை போகாது. பெண் கிறிஸ்டினா பொன்னேரி காலேஜில் இரண்டாவது வருடம், மதிய ஷிப்ட். மூத்தவன் எபினேசர் வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது.

அவன் போன கதை தெருவுக்கே தெரியும். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் அவன் கான்ட்ராக்டில் இருந்தான். முதல் போனஸில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், யாரோ விளையாடி விற்ற கேம் பெட்டி ஒன்றை வாங்கிவந்து டிவியில் மாட்டினான். அடுத்த வருடம் கான்ட்ராக்ட் முடிந்தது, கம்பெனி கூப்பிடவில்லை. நாலு மாதம் வீட்டில் இருந்தான். காலையில் உட்கார்ந்தால் மதியம் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பான். ஒருநாள் யேசுதாஸ் காலில் சூடுபட்டு, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு பாதி ஷிப்டில் நொண்டி நொண்டி வந்தான். எபி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னாப்பா சீக்கிரம் வன்ட்ட?" என்று கேட்டான். யேசுதாஸ் ஒயரோடு அந்தப் பெட்டியைப் பிடுங்கி, வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் போட்டான்.

எபி சண்டை போடவில்லை. டிரம்மில் கைவிட்டுப் பெட்டியை எடுத்தான். உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. அதை ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்து, இரண்டு சட்டையும் வைத்து, ஸ்டேஷனுக்கு நடந்தான். அன்று ராத்திரியிலிருந்து அவனுடைய நம்பர் யாருக்கும் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தார்கள். இருபத்து மூணு வயசுப் பையன், தானாகப் போயிருக்கிறான், வருவான் என்று போலீஸில் சொன்னார்கள். சிநேகிதர்களில் ஒருவன் ஓசூர் என்றான், இன்னொருவன் புனே என்றான்.

ஜூன் மாதம், காலேஜ் திறந்த புதிதில், கிறிஸ்டினா ஒரு காலையில் அடுப்படிக்கு ஓடி வந்தாள். அன்று ரோசம்மாளுக்கு வார லீவு. நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ம்மா, எபி கீறான்மா."

"எங்கடி?" ரோசம்மாள் வாசலைப் பார்த்தாள்.

"ஊட்ல இல்லமா. இதுல." போனைக் காட்டினாள். நாலு நாலு பேராகச் சேர்ந்து ஒரு தீவில் குதித்துத் துப்பாக்கியால் சுட்டுக்கொள்கிற விளையாட்டு அது. காலேஜில் எல்லாரும் விளையாடுகிறார்கள் என்று அவளும் ஏற்றியிருந்தாள். "அவன் கேம்ல வெக்கிற பழைய பேரைப் போட்டுத் தேடிப் பாத்தேன். தோ, பச்சைப் புள்ளி கீது பார். பச்சைன்னா இப்ப இந்த நிமிசம் வெளயாடிக்கினு கீறான்னு அர்த்தம்."

ரோசம்மாள் கருவாட்டுக் கையோடு போனை வாங்கினாள். ஒரு பேர், அதன் பக்கத்தில் கடுகளவு பச்சை.

"அப்டின்னா உசுரோட கீறான்."

"கீறாம்மா."

"பேசு. அவங்கையில பேசு."

"என் பேரைப் பாத்தா கட் பண்ணிடுவாம்மா. அப்பால இந்தப் பேரும் இருக்காது."

இரண்டு பேரும் யோசித்தார்கள். கிறிஸ்டினா புதிதாக ஒரு கணக்கைத் திறந்தாள். காலனியில் யாருக்கும் இல்லாத பேராக இருக்கட்டும் என்று அரசப்பன் என்று வைத்தாள். அழைப்பு அனுப்பினாள். பகல் பதினோரு மணிக்கு எபி சேர்த்துக்கொண்டான். அடுத்த ஆட்டத்தில் அவனுடைய கூட்டத்திலேயே இடம் கிடைத்தது. கிறிஸ்டினா போனில் ஓடுவதை டிவியில் வருகிற மாதிரி செய்தாள். மைக்கை அணைத்தாள். 'மைக் ரிப்பேர் ப்ரோ' என்று எழுதி அனுப்பினாள்.

டிவியிலிருந்து எபியின் குரல் வந்தது.

"அரசப்பனா? இன்னா ப்ரோ, தாத்தா பேரா கீது?" என்று சொல்லிச் சிரித்தான்.

ரோசம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மைக் அணைந்திருக்கிறது, அழலாம் என்று மகள் சொன்னதை அவள் நம்பவில்லை.

அடுத்த வாரமே ரோசம்மாள் கேன்டீன் சூப்பர்வைசர் தேசப்பனிடம் போய் மதிய பேட்ச் கேட்டாள். இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை. ராத்திரி பாத்திரம் கழுவுவதும் அந்த பேட்ச் தலையில்தான் விழும்.

"கார்த்தால பேட்ச்ல எடம் கெடைக்கலன்னு அவனவன் அழுவுறான். நீ இன்னாக்கா, மதியம் கேக்குற?"

"ஊட்ல வேல கீதுப்பா."

"இன்னா வேல?"

"கீது."

எபி காலை பத்தரைக்கு வருவான், பன்னிரண்டுக்குள் போய்விடுவான். ராத்திரி ஷிப்ட் முடித்து அறைக்கு வந்து, தூங்குவதற்கு முன் விளையாடுகிறான் என்று அவன் பேச்சிலிருந்து தெரிந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக ரோசம்மாள் ஒன்பது மணிக்கே சமையலை முடித்துவிடுவாள். அவளுக்கு விளையாட்டு புரியவில்லை. கூட்டத்தில் நீலச் சட்டை போட்டிருப்பவன் எபி, அவன் பின்னாலேயே தடுமாறி ஓடுகிற மொட்டைத்தலைதான் அரசப்பன் என்பது மட்டும் தெரியும். எபியோடு எப்போதும் வருகிறவன் சரவணன் என்று ஒருவன். எந்த ஊரோ, தென்பக்கத்துப் பேச்சு.

அவள் கேட்டதெல்லாம் வேறு. எபிக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. மூன்று பேராவது ஒரே அறையில் இருக்கிறார்கள். தெருவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு யாரோ எதையோ விற்றுக்கொண்டு போனார்கள். அது தெலுங்கு இல்லை, இந்தியும் இல்லை. ஒருநாள் தகரத்தின் மேல் மழை கொட்டுகிற சத்தம் வந்தது. இங்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆட்டம் முடிந்ததும் ரோசம்மாள் ரிமோட்டை எடுத்துச் செய்தியில் எங்கே மழை என்று பார்த்தாள். மங்களூரில் மழை, கோவாவில் மழை, பம்பாயில் மழை, கேரளா முழுக்க மழை.

"அந்தாண்ட பூரா பெய்யுதேடி," என்றாள்.

இன்னொரு நாள் சரவணன், "காலையில என்னடா சாப்பிட்ட?" என்று கேட்டான். எபி, "இன்னா நாஷ்டா, டீயும் பன்னும்தான்" என்றான். அன்று ரோசம்மாள் வாங்கி வைத்திருந்த பழவேற்காட்டு எறாவைத் தொக்கு வைத்து, தான் ஒரு வாய்கூட வைக்காமல் பஸ் ஏறினாள்.

கிறிஸ்டினாவுக்குச் சரியாகச் சுட வராது. அரசப்பன் அடிக்கடி குண்டு பட்டு மண்டியிடுவான். எபி எவ்வளவு தூரத்திலிருந்தாலும் ஓடி வந்து தூக்கிவிடுவான். "இந்தா அரசு, மருந்து போட்டுக்கோ. பின்னாடியே வா, தனியா போவாத," என்று மருந்துப் பெட்டியைக் கீழே போடுவான். யாரென்றே தெரியாதவனுக்கு இவ்வளவு பார்க்கிறானே என்று ரோசம்மாளுக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

யேசுதாஸுக்கு இது தெரியாது. சொன்னால் போனைப் பிடுங்கிக் கத்துவான் என்று பயந்து இரண்டு பேரும் மறைத்தார்கள். ஜூன் முழுக்க அவனுக்குக் காலை ஷிப்ட்; ஜூலையிலிருந்து வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மாறி, முதலில் ராத்திரி ஷிப்ட் வந்தது. காலை ஏழரைக்கு வந்து, குளித்து, பழையசோறு தின்று, உள் அறையில் படுத்துவிடுவான். உருளைச் சத்தத்தில் காது பாதி போனவன், எழுந்திருக்க மாட்டான் என்று நினைத்து டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டார்கள். முதல் நாளே பதினொன்றே காலுக்கு அவன் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வெளியே வந்தான். இவர்களைப் பார்க்கவில்லை. அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தான், பின்கதவைத் திறந்து குளியலறைப் பக்கம் போனான், திரும்பி வந்து வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தான்.

"எபி எங்க?" என்றான். "கொரல் கேட்டுச்சே. எங்க அவன்?"

டிவியில் எபி, "சரவணா, ஜீப்ப எட்றா," என்றான்.

யேசுதாஸ் டிவிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கிறிஸ்டினா பயந்து பயந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்தவில்லை.

"நாம பேசுறது அவனுக்குக் கேக்குமா?"

"கேக்காதுப்பா. மைக் ஆஃப்ல கீது."

"அவன் பேசுறது மட்டும் நமக்குக் கேக்கும்."

"ஆமாம்ப்பா."

அவன் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து ராத்திரி ஷிப்ட் வாரம், மதிய ஷிப்ட் வாரம் எல்லாம் அந்த இடத்தில் உட்கார்ந்தான். காலை ஷிப்ட் வாரத்தில் மட்டும், கிறிஸ்டினா சாயந்திரம் காலேஜிலிருந்து வந்ததும், "இன்னிக்கி இன்னா பேசினான்?" என்று மகளிடம் கேட்பான். "ஒண்ணும் இல்லப்பா, சுடு, ஓடுன்னான்" என்பாள். "அதான், எப்டி சொன்னான்?" என்பான்.

ஆகஸ்டில் எபிக்கு இருமல் வந்தது. முதலில் சாதாரண இருமல்தான். நாலைந்து நாளில் அது நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. பேச ஆரம்பித்தால் பாதியில் நின்று மூச்சு வாங்கினான். சரவணன்கூடத் திட்டினான். "ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொலைடா."

"லீவு போட்டா வேற ஆளை வச்சிக்குவான்டா. தானா செரியாப் பூடும்."

ரோசம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "இது சளி இருமல் இல்லய்யா. சின்னதுல அவனுக்கு நிமோனியா வந்துச்சே, அப்ப இப்டித்தான் இருமினான்."

"ஆமாமே," என்றான் யேசுதாஸ். "பொன்னேரி ஆஸ்பத்திரில எட்டு நாளு."

டிவியில் நீலச் சட்டைக்காரன் ஒரு மரத்தடியில் அசையாமல் நின்றான். இருமல் சத்தம் மட்டும் வீடு முழுக்க வந்தது. எங்கிருந்தோ யாரோ சுட்டார்கள். நீலச் சட்டைக்காரன் குண்டு பட்டு மண்டியிட்டான். கிறிஸ்டினா ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள்.

"உங்கிட்ட கீற அந்த மருந்துப் பொட்டிய அவனுக்குக் குடு," என்றாள் ரோசம்மாள்.

"ம்மா, இது கேம்ல குடுக்குற மருந்துமா."

"தெரியுதுடி. குடு."

அவள் கொடுத்தாள். "தேங்க்ஸ் அரசு," என்றது இருமலுக்கு நடுவில் குரல்.

அன்று யாரும் சாப்பிடவில்லை. வேலைக்குக் கிளம்புகிற நேரம் வரைக்கும் அதே பேச்சுதான்.

"நா பேசிடறேன்," என்றாள் ரோசம்மாள்.

"பேசினா கட் பண்ணிடுவாம்மா. அப்பால எங்கன்னு தேடுவ? இப்ப கொரலாவது கேக்குது."

"கொரலைக் கேட்டுக்கினு இன்னாடி பண்றது? இருமி இருமி அங்க வுயுந்து கெடந்தாலும் இங்க குந்திக் கேட்டுக்கினுதான் இருக்கணுமா?"

கிறிஸ்டினா அப்பாவைப் பார்த்தாள். யேசுதாஸ், "பேசட்டும்," என்றான். "நா பேசினாத்தான் கட் பண்ணுவான். அம்மா பேசினா ஒரு நிமிசம் கேப்பான்."

மறுநாளும் யேசுதாஸுக்கு மதிய ஷிப்ட்தான். பத்தரைக்கு மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ரோசம்மாள் காலையிலேயே ஜெபம் செய்து, இன்னது இன்னது பேச வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். எந்த ஊர் என்று கேட்க வேண்டும். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார் என்று சொல்ல வேண்டும். எபி வந்தான். சரவணன் வரவில்லை. அதுவும் நல்லதுதான் என்று கிறிஸ்டினா சொன்னாள். தீவில் குதித்து ஒரு கட்டடத்துக்குள் போனதும் மைக்கைத் திறந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

மேலே மின்விசிறி சத்தம். வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.

"இன்னா அரசு, மைக் செரியாயிருச்சா?" என்றான் எபி. "ஒரே சத்தமா கீது?"

"எபி," என்றாள். "சுடுதண்ணி குடி, நைனா."

நீலச் சட்டைக்காரன் நின்றுவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டான் என்றே நினைத்தார்கள். பிறகு எங்கோ குக்கர் விசில் கேட்டது.

"ம்மா?"

"நாந்தான்டா."

"அரசப்பன்... நீங்கதானா?"

"கிறிஸ்டிதான் வெளயாடினா. நா கேட்டுக்கினு இருந்தேன். கோச்சிக்காதடா."

அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அப்பா பக்கத்துல கீறாரா?"

ரோசம்மாள் திரும்பிப் பார்த்தாள். கதவோரத்தில் யேசுதாஸ் முட்டி போட்டு எழுந்திருந்தான். வேண்டாம், சொல்லாதே என்று தலையை ஆட்டினான், இரண்டு கைகளையும் ஆட்டினான். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டான்.

"இல்லடா," என்றாள் ரோசம்மாள். "வேலைக்குப் பூட்டாரு."

"ஓ," என்றான் எபி. "காலு செரியாயிருச்சா அவருக்கு?"

"ஆயிருச்சி. தழும்புதான் கீது. நீ ஆஸ்பத்திரிக்குப் போடா. சின்னதுல மாதிரியே இருமுறடா."

"போறேம்மா."

"எந்த ஊருடா? ஊரு பேரை மட்டும் சொல்லு."

"சொன்னா கெளம்பி வந்துருவ."

"வரமாட்டேன்டா."

"நீ வருவம்மா." சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி ரொம்ப நேரம் நிற்கவில்லை. "இரு, ஒரு வேல கெடைக்கட்டும். பர்மனென்ட்டா ஒண்ணு. அப்பால நானே வரேன். அதுவரைக்கும் தேடாதீங்க. நல்லாத்தான் கீறேன்."

"வேலைய யாருடா கேட்டாங்க..."

டிவியில் மணி அடித்தது. தீவைச் சுற்றி நெருப்பு வளையம் சுருங்கி வந்துகொண்டிருந்தது. ஓடினால்தான் பிழைக்கலாம். எபியும் ஓடவில்லை, கிறிஸ்டினாவும் ஓடவில்லை. நீலச் சட்டையும் மொட்டைத்தலையும் எதிரெதிராக நின்றுகொண்டிருந்தார்கள். நெருப்பு இருவர் மேலும் வந்தது.

"வெக்கிறேம்மா," என்றான்.

"எபி, டேய், இருடா..."

திரையில் ஆட்டம் முடிந்தது என்று வந்தது. அப்புறம் விளம்பரம் வந்தது.

"மைக்க ஆஃப் பண்ணிட்டேன்ப்பா," என்றாள் கிறிஸ்டினா. "இனிமே பேசலாம்."

யேசுதாஸ் துண்டை வாயிலிருந்து எடுக்கவில்லை.

அன்று சாயந்திரமே அந்தப் பச்சைப் புள்ளி பட்டியலில் இல்லை. பேரும் இல்லை. கிறிஸ்டினா தேடிப் பார்த்தாள், அந்தப் பேரில் யாரும் இல்லை என்று வந்தது. சரவணனுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கேட்டாள். அவன் மறுநாள் பதில் போட்டான். எனக்கும் கேம்ல மட்டும்தான் பழக்கம் சிஸ்டர், நேர்ல பார்த்ததில்ல, ஊர் சொன்னதே இல்ல, என்கிட்டயும் சொல்லாமப் போயிட்டான், எங்கயாவது பார்த்தா சொல்றேன் என்று எழுதியிருந்தான்.

ரோசம்மாள் மதிய பேட்சிலேயே இருந்துவிட்டாள். திரும்ப மாற்றிக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. காலையில் பத்தரை ஆனால் கிறிஸ்டினா போனை எடுத்து வேறு வேறு பேர்களைப் போட்டுத் தேடுவாள். எபி என்று ஆரம்பிக்கிற பேர்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள்.

செப்டம்பரில் ஒருநாள். யேசுதாஸுக்கு மறுபடி மதிய ஷிப்ட். வேன் வர அரை மணி இருந்தது. ரோசம்மாள் தலைமுடியைக் கேன்டீன் தொப்பிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அவன் பொத்தல் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து, கதவோரத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ரோசு."

"இன்னா?"

"அன்னிக்கி அப்பா கீறாரான்னு கேட்டானே."

"ஆமா."

"நா இருந்தா பேசமாட்டேன்னு கேட்டானா, இருந்தா குடுன்னு கேட்டானா?"

ரோசம்மாள் தொப்பியிலிருந்து கையை எடுத்தாள். கிறிஸ்டினா போனில் தட்டிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினாள்.

"எனக்கு இன்னாய்யா தெரியும்," என்றாள் ரோசம்மாள்.

முனையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். யேசுதாஸ் மகள் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லு கிறிஸ்டி. நீ பக்கத்துலதானே இருந்த. அவன் எப்டி கேட்டான்? ஒரு தபா, அவன் கேட்ட மாதிரியே சொல்லிக் காட்டு."

கிறிஸ்டினா வாயைத் திறந்தாள். அண்ணன் குரலில் அதைச் சொல்ல அவளுக்கு வரவில்லை.